புவனேஷின் கணினிக்கு நான் தேர்ந்தெடுத்த பவர் சப்ளை

கணினி கட்டித் தரச் சொல்லி வருகிறவர்கள் யாரும் பவர் சப்ளையைப் பற்றிக் கேட்பதில்லை. கிராஃபிக்ஸ் கார்டு எது, திரை எவ்வளவு பெரியது, உள்ளே கலர் விளக்கு எரியுமா என்றெல்லாம் கேட்பார்கள். சுவரிலிருந்து மின்சாரத்தை வாங்கி மற்ற பாகங்களுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுக்கிற அந்த இரும்புப் பெட்டி மட்டும் யார் கண்ணிலும் படாது. எனக்கு முதலில் அதுதான் கண்ணில் படும். நான் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வயர்மேன். இலை வாட்டுகிற காற்றாடிகளும் இலை உருட்டுகிற மெஷின்களும் என் பொறுப்பு. எந்த மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கும், எங்கே சூடேறும் என்பது எனக்குத் தூக்கத்திலும் வரும் கணக்கு. அதனால்தான் மலையில் யார் வீட்டுப் பிள்ளைக்குக் கேம் விளையாட நல்ல கணினி வேண்டுமென்றாலும் கார்த்திகேசுவிடம் போ என்பார்கள்.

சார், விசாரணை முடிந்துவிட்டது. என் மனைவி நவமணி காயப்போட்ட சுவெட்டரால்தான் எங்கள் வீட்டில் தீப்பிடித்தது என்று போம்பா தீயணைப்பு நிலைய அறிக்கையில் நீங்கள் எழுதியும் ஆயிற்று. முடிந்துபோன விஷயத்துக்கு எதற்கு இந்த ஆள் மெனக்கெட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று நினைப்பீர்கள். சொல்கிறேன். முதலில் தொழிலைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்கிற ஆண்டியப்பன் தன் மகளுக்கு ஒரு கணினி கட்டச் சொன்னபோது, நான் கேட்ட காற்றாடிகளைப் பார்த்துச் சிரித்தார். "இங்கதான் ஐஸ் பெட்டிக்குள்ள இருக்கிற மாதிரி குளிருதே. இதுக்குப் போயி எதுக்குண்ணே இத்தன ஃபேன்?" என்றார். மலையில் எல்லோரும் செய்கிற தப்பு இது. "குளிரு வெளியில இருக்குலா, பெட்டிக்குள்ள யாரு அத வுட்டா?" என்றேன். காற்று புகுந்து வெளியேறினால்தான் சூடு போகும். இல்லாவிட்டால் வெளியே பனி கொட்டினாலும் பெட்டிக்குள் அடுப்புதான்.

பவர் சப்ளையிலும் என் வழக்கம் அப்படியே. எல்லாப் பாகங்களும் முழு வேகத்தில் ஓடினால் எவ்வளவு இழுக்குமோ அதைக் கூட்டி, அதற்கு மேலும் தாராளமாக இடம்விட்டு வாங்குவேன். கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும்போது சாது. ஆட்டம் சூடு பிடித்தால் கண் இமைக்கிற நேரத்தில் மடங்கு மடங்காகக் கேட்கும். அப்போது கொடுக்க முடியாத பவர் சப்ளை, நல்ல சரக்காக இருந்தால், தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். மட்டமான சரக்காக இருந்தால் அணைத்துக்கொள்ளாது. உள்ளே வெந்துகொண்டே கொடுக்கும். ஊரில் அத்தனை பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கும் நான் குறைத்துப் போட்டதில்லை.

என் மகன் புவனேஷுக்குக் குறைத்துப் போட்டேன்.

காரணம் கேட்பீர்கள். எனக்குத் துளசி என்று ஒரு மகளும் இருக்கிறாள். படிக்கக் கோலாலம்பூர் போனாள், அங்கேயே வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆயிற்று. தீபாவளிக்கு வந்தால் மறுநாள் காலையிலேயே "ரோடு ஜாம் ஆயிடும்பா" என்று பையைத் தூக்கிவிடுவாள். அவள் கார் வளைவில் மறைந்த பிறகு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. மிச்சமிருப்பது புவனேஷ் ஒருவன். பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். முடித்திருந்தான். தொழிற்சாலையில் என்னோடு அவனைச் சேர்த்துவிட மேனேஜரிடம் பேசி வைத்திருந்தேன். அவனுக்குக் கணினி விளையாட்டில் அப்படி ஒரு கை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சிநேகிதன் வீட்டுக் கணினியில் அவன் ஆடியதைப் பார்த்துக் கோலாலம்பூரில் ஒரு அணி ஆள் விட்டது. கொஞ்ச நாள் எங்களோடு பயிற்சி ஆடு, பிறகு தேர்வு வைக்கிறோம், தேறினால் இங்கே வந்து எங்கள் வீட்டில் தங்கிச் சம்பளத்துக்கு ஆடலாம் என்றார்கள்.

"அப்பா, எனக்கு நீங்களே கட்டிக் குடுங்கப்பா. கடையில வாங்குனா எனக்கு நம்பிக்க இல்ல" என்றான்.

கட்டிக் கொடுத்தேன். மற்ற எதிலும் குறை வைக்கவில்லை, அவற்றையெல்லாம் அவன் இணையத்தில் பார்த்து மனப்பாடம் செய்திருந்தான். பவர் சப்ளையைப் பற்றி மட்டும் அவனும் கேட்கவில்லை. நான் வாங்கியது நல்ல சரக்கு, ஆனால் சிறியது. பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம், சாதாரண ஆட்டமும் ஆடலாம். ஆட்டம் உச்சத்துக்குப் போகிற நேரத்தில் அணைந்துவிடும். கூட்டிக் கழித்துப் பார்த்து, சரியாக அந்த அளவில் வாங்கினேன். யாருக்கும் ஆபத்தில்லை, ஒரு மோட்டார் அளவுக்கு மீறி ஓடாமல் ரிலே வைக்கிறோமே அது போலத்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கணக்குப் பிசகவில்லை. அறைக்குள்ளிருந்து "சாரி ப்ரோ, சாரி ப்ரோ" என்று யார் யாரிடமோ அவன் கெஞ்சுவது எனக்குக் கேட்கும். பிறகு வெளியே வருவான். "அப்பா, மறுபடியும் செத்துப்போச்சுப்பா. கரெக்டா ஃபைட் ஆரம்பிக்கிறப்பதான் ஆஃப் ஆவுது." நான் பெட்டியைத் திறந்து, பிரஷ்ஷால் தூசி தட்டி, ஒன்றிரண்டு வயர்களை அழுத்திப் பார்த்துவிட்டு மூடுவேன். நான் நடித்துக்கொண்டிருக்கும்போது அவன் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பான். என் விரல் போகிற இடமெல்லாம் வெளிச்சத்தை நகர்த்துவான். இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது சார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "எனக்குத்தான் ராசி இல்ல போல. ஃபேக்டரிக்கே வந்துடறேன்பா" என்றான். அன்று எனக்கு நல்ல பசி எடுத்தது. இன்னொரு தட்டுச் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனால் அவன் விடவில்லை, என் பிள்ளை அல்லவா. எங்கேயோ படித்துவிட்டு, பவர் சப்ளை போதாமலும் இப்படி ஆகுமாமே, ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கழற்றிப் பார்த்துவிடலாம் என்றான். கழற்றினால் அதன்மேல் ஒட்டியிருக்கிற எண் என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். என்னிடம் பழைய சாமான் பெட்டியில் இன்னொரு பவர் சப்ளை இருந்தது. ஒட்டியிருந்த எண் பெரியது. கையில் எடுத்தால் பிஸ்கட் டின் மாதிரி லேசாக இருக்கும், உள்ளே ஒன்றும் கிடையாது. எதை வாங்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகவே அதை வைத்திருந்தேன். அம்மாவும் மகனும் கோயிலுக்குப் போயிருந்தபோது நல்லதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் குனிந்து எண்ணைப் படித்தான். "அட, பெருசுதான்பா போட்டிருக்கீங்க. நாந்தான் தப்பா நெனச்சிட்டேன். சாரிப்பா" என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். மட்டமான சரக்கு அணைந்துகொள்ளாது. கணினி நிற்காமல் ஓடியது. என் மகன் ஜெயிக்க ஆரம்பித்தான். அவன் குரலே மாறிப்போயிற்று. அணிக்காரர்கள் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். நவமணி அவனுக்கென்று புதுத் துண்டும் பல் துலக்குகிற பிரஷ்ஷும் வாங்கி ஒரு பையில் போட்டு வைத்தாள். அந்தப் பையை நான் கதவுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

தேர்வு நாளன்று காலையில், அவன் குளிக்கப் போயிருந்தபோது, பவர் சப்ளைக்குள் இருக்கிற காற்றாடியின் வயரைக் கழற்றி விட்டேன். சூடேறினால் நின்றுவிடும் என்றுதான் செய்தேன். இந்த மாதிரிப் பெட்டி நிற்காது, வேகும் என்று சற்று முன்பு நானே உங்களிடம் சொன்னேன். அது அன்று காலையிலும் எனக்குத் தெரியும்.

இந்த மலையில் துணி காய்வதில்லை, சார். உங்களுக்குத் தெரியாததல்ல. தூறலும் பனியுமாக வாரக்கணக்கில் ஈரம் போகாது. அதனால் சூடாக இருக்கிற எதைக் கண்டாலும் வீட்டுப் பெண்கள் துணியைப் போட்டுவிடுவார்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் காலுறை, டிவி மேல் துண்டு. போகிற வீடுகளிலெல்லாம் இதற்காக நான் சண்டை போட்டிருக்கிறேன். மதியம் நவமணி, மகன் கோலாலம்பூர் போகும்போது போட்டுக்கொள்ளட்டும் என்று துவைத்த சுவெட்டரைக் கணினிப் பெட்டியின் மேல் விரித்துவிட்டுப் போனாள். அது பின்பக்கம் வரை தொங்கி, பவர் சப்ளையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கும் முன் நான் அறை வாசலில் நின்று அதைப் பார்த்தேன். இரண்டடி எடுத்து வைத்தால் எட்டிவிடும். மூடியிருந்தால் சீக்கிரமே நின்றுவிடும் என்று தோன்றியது. முன்னறைக்குப் போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. கம்பிச்சுருள் மேல் பூசியிருக்கிற வார்னிஷ் வேகிற வாசனை. தொழிற்சாலையில் அது மூக்கில் ஏறினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி மெயினை அணைப்பேன். வீட்டு மெயின் ஸ்விட்ச் என் நாற்காலிக்குப் பின்னால்தான் இருந்தது. இதோ நிற்கப் போகிறது, இதோ நிற்கப் போகிறது என்று உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான். அவன் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகுதான் கத்தல் கேட்டது.

சுவெட்டர் கம்பளி இல்லை, நைலான் மாதிரியான நூல். உருகி வழிந்திருக்கிறது. அவன் ஓடி வராமல் அதை இரண்டு கையாலும் பிடுங்கி எறியப் பார்த்திருக்கிறான். நான் மெயினை அணைத்துவிட்டு உள்ளே போனபோது அது அவன் விரல்களில் ஒட்டியிருந்தது. ஈப்போ ஆஸ்பத்திரியில் நர்ஸ் திட்டினாள், நெருப்பைப் பார்த்தால் ஓட வேண்டாமா என்று. "எங்கப்பா கட்டிக் குடுத்தது, அக்கா. வுட்டுட்டு வர மனசு வரல" என்றான். நான் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கிறது. நவமணிக்குச் சுவெட்டர் நினைவே இல்லை. பாவம், கரண்ட் கோளாறு என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி நடையில் வைத்து, "பெட்டி மேல துணி போட்டியா நீ?" என்று முதலில் கேட்டது நான். அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. நீங்கள் வந்து விசாரித்தபோது, முதலில் வாங்கிய நல்ல கம்பெனியின் காலிப் பெட்டியைக் காட்டி, இதே கம்பெனியில் இதைவிடப் பெரிதாகவே போட்டிருந்தேன் என்றேன். வயர்மேன் சொல்கிறான், மகன் கை வெந்த தகப்பன் சொல்கிறான், யார்தான் நம்ப மாட்டார்கள்.

வீட்டுக்கு யார் விசாரிக்க வந்தாலும் நவமணி, "எம் புள்ள கைய நானே பொசுக்கிட்டேன்லா" என்று சொல்லி அழுகிறாள். அவனுக்குச் சோறு ஊட்டும்போது அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்ச நாளாக என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அவமானத்தில் உடம்பு கூசுகிறது. அதனால்தான் வந்தேன். சுவெட்டர் காரணமில்லை, கார்த்திகேசுதான் காரணம். இதை நான் எங்கே கையெழுத்துப் போட்டும் சொல்வேன்.

அணிக்காரர்கள் நல்லவர்கள், ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டு வேறு பையனை எடுத்துக்கொண்டார்கள். வலது கை விரல்கள் இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடிக்கிறோம். கோப்பையை நான் பிடித்துக்கொள்கிறேன். வீடு முன்பு போல நிறைந்திருக்கிறது. இப்படித் தோன்றுவதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள் சார். நவமணிமேல் தப்பில்லை என்று மாற்றி எழுதுங்கள். பொருளில் கோளாறு என்று எழுதினால் போதும், அவளும் நிம்மதியாக இருப்பாள். என்னை வேலையைவிட்டு அனுப்பட்டும், போலீஸுக்கும் சொல்லுங்கள், எனக்கு மறுப்பில்லை. புவனேஷுக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவன் மனசு தாங்காது, அவன் நன்மைக்காகத்தான் கேட்கிறேன். தெரிந்தால் அன்றைக்கே கிளம்பி அவன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவான்.

கட்டு மாற்றப் போகிற வழியில்தான் இங்கே வந்தேன். அவன் கீழே காரில் இருக்கிறான். அந்தக் கையோடு அவனால் கதவைத் திறக்க முடியாது. நான் போய்த்தான் திறந்துவிட வேண்டும்.