கவனக்குறைவு அல்ல

ரத்தம் தெறிக்கிற படங்கள் எனக்குப் பிடிக்காது, ஐயா. பத்துப் பேரை வெட்டிப் போட்டுவிட்டுக் கதாநாயகன் மெதுவாக நடந்து வருவான், தியேட்டரில் விசில் பறக்கும். அந்த நேரத்தில் நான் முறுக்கு வாங்க வெளியே போய்விடுவேன். குற்றப் படம் என்றால் அதில் ஒரே ஒரு குற்றம் போதும். அதைச் செய்கிறவன் காலையில் எப்படிச் சட்டையை உதறிப் போடுவான், பெண்டாட்டியிடம் என்ன குரலில் பேசுவான் என்று பொறுமையாகக் காட்ட வேண்டும். கொலைகாரன் யார் என்பதைக் கடைசிவரை ஒளித்து வைப்பது கண்ணாமூச்சி விளையாட்டு. முதல் பாதியிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகும் நம்மை நாற்காலியில் உட்கார வைத்தால் அவன் டைரக்டர்.

இன்னொன்றும் எனக்கு ஆகாது. கொலை செய்தவனுக்கு உடனே ஒரு பழைய காயத்தைத் தேடிக் கொடுத்துவிடுகிறார்கள். சின்ன வயதில் அப்பா அடித்தார், பள்ளிக்கூடத்தில் அவமானப்பட்டான், வெளியே மழை, பின்னால் வயலின். பார்க்கிறவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை மன்னித்துவிடுகிறான். எனக்கு அது கேவலமாக இருக்கும். ஒரு மனிதன் யோசித்து, முடிவெடுத்து ஒரு காரியத்தைச் செய்கிறான். அவன் முடிவெடுக்கும் இடம்தான் படம். அந்த இடத்தில் கேமரா அசையக் கூடாது, இசை இருக்கக் கூடாது.

கேட்டதை விட்டுவிட்டு எதையோ பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

என் பெயர் இன்பராஜ். வயது நாற்பத்தேழு. உங்கள் எஃப்.ஐ.ஆரில் இரண்டாம் எதிரி. ஆமத்தூர் தாண்டிச் சிவகாசிப் பக்கம் இருக்கும் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் பதினேழு வருஷமாகப் போர்மேன். எந்த அறையில் எத்தனை பேர் உட்கார வேண்டும், செருப்பை எங்கே கழற்ற வேண்டும், வெயில் ஏறிய பிறகு எதைத் தொடக் கூடாது என்பதெல்லாம் என் பொறுப்பு. இந்தப் பதினேழு வருஷத்தில் என் கையின் கீழ் ஒருவருக்கும் விரல் நுனிகூடக் கருகியதில்லை. எஃப்.ஐ.ஆரில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வார்த்தையைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குச் சர்ச், மத்தியானம் மாட்னி ஷோ. திங்கட்கிழமை காலையில் கம்பெனி வேனில் நான் பார்த்த படத்தைச் சொல்வேன். டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பின்னால் திரும்பியபடி சொல்வேன். வேனில் பெரும்பாலும் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் தண்ணீர் பிடிக்கவுமே அவர்களுக்குப் பொழுது சரியாக இருக்கும். அண்ணாச்சி சொன்னால் போதும், தியேட்டருக்குப் போக வேண்டியதில்லை என்பார்கள். எங்கே ஒருவன் பொய் சொல்கிறான், எந்த இடத்தில் அவன் கண் தாழ்கிறது என்று நான் விளக்கும்போது வேனில் ஒரு சத்தமும் இருக்காது. வாரத்தின் மற்ற நாட்களில் நான் அவர்களை அதட்டுகிறவன். திங்கட்கிழமை காலை முக்கால் மணி நேரம் மட்டும் அவர்கள் என்னை விரும்பினார்கள் என்று நினைக்கிறேன்.

போன தீபாவளி முடிந்ததும் முனியராஜ் வேலைக்குச் சேர்ந்தான். ஆமத்தூர்க்காரன், முப்பது வயதிருக்கும். சென்னையில் மூன்று வருஷம் சினிமாவில் உதவி டைரக்டர்களுக்கு உதவியாக இருந்துவிட்டு, ஒன்றும் தேறாமல் திரும்பி வந்தவன். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அதை எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் பேச ஒரு ஆள் கிடைத்தான் என்று சந்தோஷப்பட்டேன்.

பங்குனியில் சிவகாசிக்கு இரண்டு பேரும் ஒரு படம் பார்க்கப் போனோம். ரேஷன் கடையில் எடை போடுகிற ஒருவன் மச்சினனைக் கொல்கிறான். அவ்வளவுதான் கதை. அருமையான படம். வெளியே வந்து டீ குடிக்கும்போது கேட்டேன்.

"அந்த முடிவெடுக்குத சீன் எப்படிலே?"

அவன் டீயை ஊதிக்கொண்டே சொன்னான். "அவன் எங்க அண்ணாச்சி முடிவெடுத்தான்? கோவம் வந்திருக்கு, செஞ்சிட்டான். காரணத்தப் பெறவு உக்காந்து தேடுதான். டைரக்டர் அதத்தான் காட்டிருக்காரு. நீங்க கவனிக்கல."

நான் மறுபடியும் போய்ப் பார்த்தேன், தனியாக. இரண்டு முறை. அவன் சொன்னது தப்பு. அந்த ரேஷன் கடைக்காரன் முடிவெடுத்துத்தான் செய்கிறான். இன்றைக்கும் சொல்வேன்.

அதற்குப் பிறகு வேனில் அவன் பேச ஆரம்பித்தான். படப்பிடிப்பில் மழை எப்படிப் பெய்ய வைப்பார்கள், அழுகிற நடிகை ‘கட்’ என்றதும் எப்படிச் சிரிப்பாள் என்று சொல்வான். பெண்கள் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆனி மாதம் ஒரு காலையில், தான் ஒரு கதை எழுதுவதாக அவன் சொன்னான். பட்டாசுக் கம்பெனியில் நடக்கிற குற்றக் கதை. அய்யம்மாள் கேட்டாள். அய்யம்மாள் மருந்து சுமக்கிற பெண். பட்டாசுக்குள் அடைக்கிற ரசாயனக் கலவையைத்தான் நாங்கள் மருந்து என்போம். கலக்கும் அறையிலிருந்து அதை மற்ற அறைகளுக்கு எடுத்துக்கொண்டு போவது அவள் வேலை.

"அதுல நம்ம போர்மேன் அண்ணாச்சி வாராகளா?"

"வாராருக்கா. ரெண்டு சீன். ஆபீசர் வந்தா கேட்டத் தொறப்பாரு. போனதும் மூடுவாரு."

"நல்லவரா கெட்டவரா?"

"அம்புட்டுக்கு எழுத அவருட்ட ஒண்ணும் இல்லக்கா. முதலாளி சொன்னதுக்குத் தலையாட்டுவாரு, அவ்வளவுதான்."

வேன் முழுக்கச் சிரித்தது. அய்யம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, நான்தான் கடைசியாகச் சிரிப்பை நிறுத்தினேன்.

கோபம் வரவில்லை. ஒரு மனிதனைப் பார்க்கத் தெரியாதவன் கதை எழுதுகிறானே என்ற வருத்தம்தான். பதினேழு வருஷம் ஒரு உயிரும் போகாமல் பார்த்துக்கொண்டவனிடம் எழுத ஒன்றும் இல்லையாம். தினமும் அறுபது பேரின் உயிர் என் ஒரு சொல்லில் இருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றரை மாதம் போயிற்று. சீசன் சூடு பிடித்துவிட்டது, ஆர்டர் குவிந்து கிடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் திடீரென்று தூறல் விழுந்தது. வேலையை நிறுத்தச் சொன்னேன். கலந்த மருந்து ஒரு தொட்டியில் கால்வாசி மிச்சம். மிஞ்சியதை அன்றைக்கே குழியில் போட்டு அழித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி கிடந்தால் ஈரம் பட்டு நீர்த்து, உள்ளுக்குள் சூடேறிக் கிடக்கும், மறுநாள் அதில் கை வைத்தால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் நடந்த பாதி விபத்துகள் அப்படித்தான். அழிப்பது போர்மேன் வேலை.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு குழி வரைக்கும் போனேன். அங்கே நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. தூறல் விட்டிருந்தது. வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். தொட்டியைத் திரும்பக் கொண்டுவந்து கலக்கும் அறையில் வைத்துப் பூட்டினேன். அழிக்கப்பட்டது என்று ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

புதன்கிழமை காலையில் மருந்து கலக்குகிற சோலைச்சாமியைப் பேக்கிங்குக்கு அனுப்பினேன். முனியராஜைக் கூப்பிட்டேன்.

"இன்னைக்கு நீ மருந்து ரூமப் பாத்துக்கோ. நேத்து மிச்சம் இருக்கு, அத மொதல்ல சலிச்சு முடிச்சிரு."

அவன் என்னைப் பார்த்தான். "நேத்து மருந்தா அண்ணாச்சி? அழிக்கலையா?"

"முதலாளி சொல்லிட்டாருலே. சீசன்ல வீணாக்கக் கூடாதுங்காரு."

"சரி, நீங்க சொன்னா சரிதான்" என்று போனான். முதலாளி அப்படி எதுவும் சொல்லவில்லை. அவருக்கு அந்தத் தொட்டி இருப்பதே தெரியாது. அவர் இப்போது ஜெயிலில் இருக்கிறார், தான் சொல்லவில்லை என்று அழுதுகொண்டே சொன்னாராம், நீங்கள் யாரும் நம்பவில்லை. அவர் மீதும் எனக்குக் கோபம் கிடையாது.

நான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். பத்து மணி இருக்கும். அய்யம்மாள் வெறும் தட்டோடு மருந்து ரூமைப் பார்த்து வந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள்.

"சாப்பிட்டீகளா அண்ணாச்சி?"

"சாப்பிட்டேன்."

"மகளுக்கு நர்சிங்ல சீட்டு கெடச்சிருச்சு. நாளைக்கு விருதுநகர் போணும், லீவு குடுப்பீகளா?"

"போயிட்டு வா."

சிரித்துக்கொண்டே நடந்தாள். மருந்து ரூமுக்கு இன்னும் நாற்பதடி. கொஞ்சம் பொறு என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்டிருப்பாள். சத்தமாகப் பேசுகிற பெண், முனியராஜின் காதில் விழுந்திருக்கும். எல்லாவற்றையும் யோசித்துத்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவளிடம் எனக்கு எந்த விரோதமும் இல்லை.

அவள் உள்ளே போன நேரத்தில் முனியராஜ் கண் எரிகிறதென்று முகம் கழுவ வெளியே குழாய்க்கு வந்திருக்கிறான். அது எனக்குத் தெரியாது. மரத்தடியிலிருந்து குழாய் தெரியாது. அவன் சலித்து வைத்திருந்ததை அய்யம்மாள் தட்டில் அள்ளியிருக்க வேண்டும்.

சத்தம் கேட்டதும் முதலில் ஓடியவன் நான்தான். அதைப் பேப்பரிலும் போட்டார்கள். முனியராஜின் இரண்டு கையும் கழுத்தும் வெந்திருந்தன. என் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த அறை இருந்த இடத்தில் சுவர் இல்லை. அய்யம்மாளை அடையாளம் காட்ட அவள் மகள் பானுப்பிரியாவைக் கூட்டி வந்தார்கள். கால் மெட்டியைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

என்னைக் கைது செய்து, பெயிலில் விட்டீர்கள். தினமும் காலையில் இங்கே வந்து கையெழுத்துப் போடுகிறேன். ஒவ்வொரு காலையிலும் உங்கள் ஏட்டையா அந்த நோட்டை என் முன்னால் தள்ளுவார். கவனக்குறைவாகச் செயல்பட்டு உயிரிழப்புக்குக் காரணமானவர். முப்பத்தெட்டு நாள் அதன் கீழே கையெழுத்துப் போட்டேன், ஐயா. பொறுத்துக்கொண்டேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். முனியராஜின் கைகளுக்கு முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திரிக்கப் பார்த்தான்.

"நீங்க மனசப் போட்டு அலட்டாதீக அண்ணாச்சி. முதலாளி சொன்னாரு, நீங்க செஞ்சீக. இன்ஸ்பெக்டர் அய்யாட்ட வாக்குமூலம் குடுத்துட்டேன். போர்மேன் அண்ணாச்சிக்கு எதுத்துப் பேச வராது, பாவம், அவரப் போட்டு வதைக்காதீகன்னு சொன்னேன்."

பாவம் என்றான். கையை அசைக்க முடியாமல் படுத்திருக்கிறவன் என்னைப் பாவம் என்றான்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "முதலாளி ஒண்ணும் சொல்லல. தெரிஞ்சேதாம்லே அனுப்புனேன். நான்தான் செஞ்சேன்."

 அவன் உதடு வெடித்திருந்தது, இருந்தும் சிரித்தான்.

"சினிமா பேசாதீக அண்ணாச்சி. அதெல்லாம் உங்களுக்கு வராது."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கியும் போனான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவன் தூங்குகிறான், ஐயா. கொஞ்சங்கூடப் பயமில்லாமல் தூங்குகிறான்.

இத்தனை நாள் கழித்து ஏன் வந்தாய் என்று கேட்கிறீர்கள். அய்யம்மாளுக்காகத்தான். ஒரு உயிர் போயிருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்று உண்மை தெரிய வேண்டாமா? மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறது. நான் சர்ச்சுக்குப் போகிறவன்.

ஆகவே சரியாக எழுதுங்கள். தொட்டியில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அதை அழிக்காமல் வைத்தது நான். சோலைச்சாமியை மாற்றியது நான். முனியராஜ் சாக வேண்டும் என்று அனுப்பினேன். அய்யம்மாள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது பொய். முடிவெடுத்துச் செய்தேன்.

எழுதி முடித்ததும் ஒரு நகலை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்து அனுப்புங்கள். அவனால் கையில் பிடித்துப் படிக்க முடியாது, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்தி வாசித்துக் காட்ட வேண்டும். நேரம் இல்லையென்றால், அய்யம்மாள் வருகிற இடத்தைச் சுருக்கிக்கொள்ளலாம்.