நடமாட்டம் இல்லாவிட்டால்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது, ஐயா. இந்தச் சத்தத்தில் நான் பேசுவது உங்களுக்குச் சரியாகக் கேட்காது.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். கணினிக்கு நிரல் எழுதும் முன், அது என்னென்ன செய்ய வேண்டும் என்று பாதி பேச்சும் பாதி கணக்குக் குறியுமாக வெள்ளைப் பலகையில் எழுதிக்கொடுப்பேன். போலிக் குறிமுறை என்பார்கள். ‘புகை வந்தால் மணி அடி’ என்பது போல இருக்கும். அது எந்தக் கணினியிலும் ஓடாது. மனிதர்கள் படித்துப் புரிந்துகொள்வதற்கு மட்டும்தான். அதை நிரலாக மாற்றுவது என் மைத்துனன்.

என் மனைவியின் ஒரே தம்பி. எங்கள் வீட்டு மாடியறையில்தான் இருந்தான். நான்தான் வேலையில் சேர்த்துவிட்டேன். கெட்டிக்காரன். ஒருநாள் மேலாளர் என் முன்னாலேயே, “இவரு பலகையில எழுதி முடிக்கறதுக்குள்ள தம்பி நிரலையே முடிச்சிடறான். நடுவுல இவர் எதுக்கு?” என்று சிரித்தார்.

மைத்துனனும் சிரித்தான். “மாமா கையெழுத்து அழகா இருக்கும் சார். அதுக்காகவாவது வச்சுக்கங்க.”

கேலிதான், எனக்கும் தெரியும். ஆனால் அன்று முதல் அந்தச் சிரிப்பு என் காதைவிட்டுப் போகவில்லை. சாப்பிடும்போது அவன் தண்ணீர் கேட்டால் காதில் விழாததுபோல் இருப்பேன். மாடியில் அவன் நடப்பது கேட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பேன். இந்த வயதில் என்னை வெளியே அனுப்பினால் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

அப்போதுதான் கணினிகள் வைத்திருக்கும் அறைக்குத் தீயணைப்பு ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். கம்பிகள் அடியில் ஓடுவதற்காக அங்கே தரையைப் பலகை போட்டு உயர்த்தியிருப்பார்கள். தண்ணீர் பீய்ச்ச முடியாது. புகை வந்தால் கதவு பூட்டிக்கொள்ளும், வாயு நிரம்பும். தீயும் மூச்சுத் திணறும், மனிதனும் திணறுவான். அதனால் நான் கவனமாக எழுதினேன்: ‘உள்ளே நடமாட்டம் இல்லாவிட்டால், பூட்டு, வாயுவைத் திற.’

அவன் பலகைமுன் நின்று தலையைச் சொறிந்தான். “நடமாட்டம்னா என்ன மாமா? ஆளே இல்லைன்னா, அசைவு இல்லைன்னா?”

“ரெண்டும் ஒண்ணுதானேடா. கூரையில அசைவைப் பார்க்கற கருவி இருக்குல்ல, அதை வச்சு எழுது.”

“யாராவது தரைக்கு அடியில படுத்து வேலை செஞ்சா?”

“அங்க எவன்டா போய்ப் படுக்கப்போறான்?”

நான் பொய் சொல்லவில்லை, ஐயா. அப்போது அங்கே யாரும் படுத்திருக்கவில்லை.

சோதனை நாளில், தரைப் பலகையைத் தூக்கி அடியில் ஒரு கம்பியைப் பார்க்கச் சொன்னேன். குப்புறப் படுத்து உள்ளே நுழைந்தான். “மணி அடிச்சா பயப்படாத, சோதனைதான்” என்றேன்.

“நீங்க வெளியில இருக்கீங்கல்ல மாமா, எனக்கென்ன பயம்?” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

சோதனைப் புகையை அடித்துவிட்டு வெளியே வந்தேன். அந்த நேரத்தில் வாயு உருளையை மூடிவைக்க வேண்டும். அது சோதனை செய்பவரின் பொறுப்பு. சோதனை செய்தவன் நான். மூடவில்லை. நிரலில் பிழை என்று அவனை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

மணி அடித்தது. கதவு பூட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

“தம்பி பக்கத்துல இருக்கானாங்க?”

“இருக்கான்.”

“ரெண்டு பேரும் சீக்கிரம் வந்துடுங்க.”

கதவுக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. தட்டினான். முதலில் வேகமாக, பிறகு விட்டுவிட்டு. உதடுகள் ‘மாமா’ என்று அசைந்தன. நிறுத்தும் பொத்தான் என் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். தட்டும் சத்தம் நிற்கும்வரை நான் அங்கேதான் நின்றேன்.

உள்ளிருந்து யாராவது தட்டினால் திறக்க வேண்டும் என்று நான் எந்த வரியிலும் எழுதியிருக்கவில்லை, ஐயா. எழுதாததை நான் எப்படிச் செய்வது?