கேட்டால் கொடுத்துவிடுவாள்

சாயங்காலம் ஆறு, ஆறே கால் இருக்கும். எஸ்டேட்டிலிருந்து குரங்கணிக்கு இறங்குகிற ஒற்றையடிப் பாதை... மேலே மலை, கீழே ஊர், நடுவில் ஈ காக்காய் கிடையாது. ஐம்பத்தைந்தாம் வருஷத்து ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது.

நெருங்கி உட்காருங்கள். பஸ் வர இன்னும் நேரம் கிடக்கிறது. இது எனக்கு நடந்ததில்லை. என் கூட்டாளி பால்பாண்டியின் சித்தப்பா தவசிக்கு நடந்தது. எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தப் பாதையில் பொழுது சாய்ந்த பிறகு என்னைத் தனியாகப் போகச் சொல்லாதீர்கள். சிரிக்கிறவர்கள் முதலில் கேளுங்கள்.

தவசிக்கு ஏலக்காய் மூட்டையைத் தலைச்சுமையாக மலையிலிருந்து கொண்டுவருகிற சோலி. வீட்டில் பெண்சாதி பேச்சிக்கு நிறைமாதம். அதற்கு முன்னால் உண்டானது இரண்டும் தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டும் என்று அவன் வேண்டாத சாமி இல்லை. இன்றோ நாளையோ வலி கண்டுவிடும், பொழுதோடு வீடு வந்து சேர் என்று மருத்துவச்சி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். பாழாய்ப்போன மழை அவனை மேலேயே பிடித்துப் போட்டுவிட்டது.

காய் உலர்த்துகிற ஸ்டோரில் உட்கார்ந்து மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் கருத்தம்மாள் என்று ஒரு பழைய ஆள், புதிதாக வேலைக்கு வந்தவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மழைச் சத்தத்தில் முன்னும் கேட்கவில்லை, பின்னும் கேட்கவில்லை. இது மட்டும்தான் காதில் விழுந்தது.

"அவகிட்ட ஒரு கை குடுன்னு மட்டும் கேட்டுராதே... குடுத்துருவா."

கொடுத்தால் நல்லதுதானே என்று தவசிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தான். தரையில் கிடக்கிற மூட்டையைத் தலைக்கு ஏற்றத் தனி ஆளால் ஆகாது. இன்னொருவர் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அந்தச் சாக்கில் சாக்கைக் கீறி, இரண்டு குத்துக் காயை மடியில் கட்டிக்கொள்கிற கைகாரிகளும் உண்டு. அப்படி எவளோ ஒரு களவாணியைத்தான் கருத்தம்மாள் சொல்கிறாள் என்று முடிவு கட்டினான். நீங்களும் நானும் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்போம். தையலை இன்னும் நெருக்கிப் போட்டான்.

மழை விட்டதும் புறப்பட்டான். பாதி வழியில் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக நடுகிற கல். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமை, வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை அங்கே இறக்க இறக்க அவளுக்கும் குறையும் என்று சொல்வார்கள். தோளுயரம் இருப்பதால் யாருடைய துணையும் இல்லாமல் இறக்கலாம், ஏற்றலாம்.

அன்றைக்கு மழையில் மேல்கல் சரிந்து கிடந்தது. பனியில் அது தெரியாமல் தவசி தலையைச் சாய்த்தான். மூட்டை... பொத்தென்று தரையில் விழுந்தது. குனிந்து முக்கிப் பார்த்தான். இடுப்புக்கு மேல் வரவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் பேச்சி என்ன பாடு படுகிறாளோ என்று நினைத்து மறுபடியும் குனிந்து முக்கினான்.

சலசலவென்று கண்ணாடி வளையல் சத்தம்.

கல்லுக்குப் பின்னால் ஒருத்தி நின்றாள். முகம் தெரியவில்லை. ஈர மஞ்சள் வாசம் அடித்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல்... காட்டில் காய் எடுக்கிற எந்தப் பெண்ணும் அப்படிப் போட்டுக்கொண்டு வரமாட்டாள். அது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை. அவன் பார்த்ததெல்லாம் அவள் கையில் கத்தி இருக்கிறதா என்றுதான். இல்லை. களவாணியாகவே இருக்கட்டும், நாலு காய் போனால் போகிறது, நான் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைத்தான். கேட்டுவிட்டான்.

"தாயி, ஒரு கை குடு."

கொடுத்தாள். மூட்டை தலைக்கு ஏறியது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

நாலு எட்டு வைத்ததும் தெரிந்தது. மூட்டை லேசாக இருந்தது... பஞ்சுப் பொதி மாதிரி. இறங்க இறங்க இன்னும் லேசானது. பாதியை உருவிவிட்டாளே என்று தவசிக்கு வயிறு எரிந்தது. அவளைத் திட்டிக்கொண்டே ஓட்டமும் நடையுமாகக் காய் மூட்டைகளை அடுக்கி வைக்கிற குரங்கணிக் கிட்டங்கிக்கு வந்தான். எடை போடுகிற மாசானம் மூட்டையைத் தராசில் ஏற்றினார். மலையில் போட்ட எடை அப்படியே இருந்தது. தையலில் ஒரு நூல் பிரியவில்லை.

தவசிக்குப் போன உயிர் வந்தது. கருத்தம்மாள் சொன்னது, தான் பயந்தது, கல்லடியில் ஒருத்தி தூக்கிவிட்டது எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தான். ஒரு நல்ல பொம்பளையை அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டேன் என்றான். மாசானம் சிரிக்கவில்லை. தராசுச் சங்கிலியை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"களவாணின்னா நீ கேக்குற வரைக்குமா நிப்பா? அவளா வந்துல்ல கை குடுப்பா. கேட்டுராதேன்னுல்லடா கருத்தம்மா சொல்லியிருக்கா..."

அவர் குரலை இறக்கிக்கொண்டார்.

"அந்தக் கல்லுக்காரிக்குத் தெரிஞ்ச சொமை ஒண்ணே ஒண்ணுதானப்பா. வெரசா வீட்டுக்குப் போ."

ஓடினான். தெருவில் திரும்பும்போதே ஒப்பாரிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓடினான். கேட்கவில்லை. வீட்டில் விளக்கு எரிந்தது. மருத்துவச்சி வாசலில் உட்கார்ந்து வெந்நீர் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். இன்னும் வலி எடுக்கவில்லை, அவசரப்படாதே என்று சாவகாசமாகச் சொன்னாள். அந்த மனுஷன் சந்தோஷத்தில் அங்கேயே அழுதுவிட்டான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். பேச்சி குனிந்து பானையில் தண்ணீர் மோந்துகொண்டிருந்தாள். ஒரு மாதமாகக் குனிய முடியாமல் இருந்தவள். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து சிரித்தாள்.

"வந்துட்டீகளா? விளக்கு வச்சதுல இருந்து மேலு லேசாயிருச்சு. யாரோ எறக்கி வச்சாப்புல இருக்கு."

சொல்லிக்கொண்டே செம்போடு அவன் பக்கம் நடந்து வந்தாள். வயிற்றுக்காகத் தளர்த்திக் கட்டியிருந்த சேலை இடுப்பில் நிற்கவில்லை. கொசுவம் சரிந்து தரையில் புரண்டது. அவள் அதை இன்னும் கவனிக்கவில்லை.