நாலாவது மாடிப் பூட்டு

புத்தகத்தின் முனையை மடக்கிவைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது, ஐயா. படித்த இடம் தெரிய ஒரு துண்டு நூல் போதும். நூலுக்கும் எனக்குப் பஞ்சமில்லை. நாலாவது மாடியில் இருந்த தையல்காரி கைநிறையக் கொடுப்பாள். புத்தகங்களும் அவளுடையவைதான். என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குள் பகை எதுவும் இல்லை.

அந்தக் கட்டடத்தில் பதினொரு வருடமாக வாட்ச்மேன். மோட்டார் போடுவது, படிக்கட்டு துடைப்பது, சாவி வைத்திருப்பது, மூன்றும் என் வேலை. ஒருமுறை திருட்டுப் போனதிலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு இரும்புக் கிரில் போட்டிருந்தார்கள். நாலு கிரில், நாலு பூட்டு. பதினொரு வருடத்தில் ஒரு சாவிகூடத் தொலைத்ததில்லை நான்.

தொற்றுக் காய்ச்சல் வந்து ஊரடங்கு போட்டதும் பதினாறு வீட்டில் பதினான்கு வீட்டார் பூட்டிக்கொண்டு சொந்தபந்தம் இருக்கிற இடத்துக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது கீழ்வீட்டு ரிட்டயர்ட் கிளார்க், அவருக்குக் காது மந்தம். அப்புறம் தையல்காரியும் அவள் புருஷனும். அவன் பஸ் டிரைவர். பொழுது போகட்டும் என்று அவள்தான் முதல் புத்தகத்தைக் கொடுத்தாள். உலகம் அழிந்தபின் நடக்கிற கதை. காலியான நகரம், ஒரே ஒரு கட்டடம், உள்ளே பன்னிரண்டு பேர். இரண்டே நாளில் முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டேன்.

"வெளிய இருக்கிற இழவு போதாதா? அதையே காசு குடுத்து வாங்கி வேற படிக்கணுமாய்யா?" என்று கிளார்க் சலித்துக்கொண்டார். அவருக்குப் புரியாது. ரேடியோவில் செய்தி கேட்டால் எனக்குத் தூக்கம் போயிற்று. இந்தக் கதைகளைப் படித்தால் தூக்கம் வந்தது. செய்தியில் பேசுகிற ஒருவனுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கதையில் ஒருவனுக்காவது தெரிந்திருந்தது. பெரும்பாலும் அவன் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளாக இருப்பான்.

ஒன்பது புத்தகம் படித்தேன். ஒன்பதிலும் இரக்கப்பட்டு ஒரு ஆள் கதவைத் திறந்துவிடுவான். பத்தாவது அத்தியாயத்துக்குள் எல்லோரும் செத்திருப்பார்கள். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்?

கடைசி அத்தியாயம் மட்டும் நான் படிப்பதில்லை. எல்லாம் ஒரே கதைதான். விடியும், செடி ஒன்று முளைக்கும், குழந்தை சிரிக்கும். அதுவரை உண்மையை எழுதியவன் கடைசியில் பயந்துவிடுகிறான். நான் அதற்கு முன்னாலேயே மூடிவைத்துவிடுவேன். தையல்காரி இதற்காகவே என்னைக் கிண்டல் செய்வாள். "உலகம் அழியிற வரைக்கும் ஆசையா படிப்பீங்க. அது பிழைச்சு எழுந்தா மட்டும் உங்களுக்குப் பிடிக்காது. நல்ல மனசுண்ணே உங்களுக்கு" என்பாள். நானும் சிரிப்பேன்.

ஊரடங்கின் இருபதாவது நாள் காலை புருஷனைத் தோளில் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். அவன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது, சட்டை நனைந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. மேலே போகவிட்டேன். பின்னாலேயே பினாயில் போட்டுப் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டே ஏறினேன். நாலாவது மாடி வந்ததும் கிரிலைச் சாத்திப் பூட்டினேன். எண்ணெய் போட்டுப் பராமரித்த பூட்டு, சத்தமே வராது.

அவள் ஓடிவந்தாள்.

"அண்ணே, விளையாடாதீங்க. திறங்க."

"காய்ச்சல் இறங்கட்டும் தங்கச்சி."

"ஐயோ, இது அந்தக் காய்ச்சல் இல்லண்ணே. கால்ல ஆணி குத்தி சீழ் வச்சிருக்கு, அதுல வந்தது. டாக்டர் சீட்டு குடுத்திருக்காரு, பாருங்க. தினம் கூட்டிட்டுப் போய் ஊசி போடணும்."

கம்பி வழியாகச் சீட்டை நீட்டினாள். நான் ஆறு படி கீழே இறங்கி நின்றேன். ஒன்பது புத்தகத்திலும் நோயாளி இதைத்தான் சொல்வான். எனக்கு ஒன்றுமில்லை, என்னை உள்ளே விடு என்பான். அவளும் அந்தக் கதைகளைப் படித்தவள்தானே. என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாள் என்று கேட்டேன். அவள் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். ஊர் முழுக்கப் போன் லைனெல்லாம் அதற்கு முந்தின வாரமே அறுந்து கிடந்தது.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. கதைகளில் வீட்டோடு கொளுத்துவார்கள். நான் கயிற்றில் வாளி கட்டச் சொல்லி தினம் இரண்டு வேளை பால், ரொட்டி, காய்ச்சல் மாத்திரை எல்லாம் ஜன்னல் வழியாக அனுப்பினேன். அவர்களுக்குத் தண்ணீர் நிற்கக்கூடாது என்று மோட்டாரை நேரம் தவறாமல் போட்டேன். கிளார்க் அவர்களைப் பற்றிக் கேட்டபோது, புருஷனுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றேன். மனுஷன் தேவையில்லாமல் பதறுவார். ஒருநாள் ரோந்து ஜீப் வந்தபோது அவள் ஜன்னலிலிருந்து துணியை ஆட்டிக் கத்தினாள். காய்ச்சல் வீடு, அடைத்து வைத்திருக்கிறேன் என்றேன். உங்கள் ஆள்தான் ஐயா, "சபாஷ், பொறுப்பான ஆளுய்யா நீ" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார். அவர் பெயரை ஏன் இந்தக் காகிதத்தில் காணோம்?

பூட்டிய மூன்றாம் நாள் வாளி கீழே வந்தபோது உள்ளே ஒரு புத்தகம் இருந்தது. பத்தாவது. வெறும் காகிதம் என்றால் தொடமாட்டேன், புத்தகத்தை வேண்டாமென்று சொல்லமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணே, இதோட கடைசி அத்தியாயத்த மட்டும் படிச்சிருங்க. உங்க கால்ல விழுந்து கேக்குறேன்."

கெட்டிக்காரி. அதை நான் மறுக்கவில்லை. புத்தகத்தை ஒரு பகல் முழுக்க வெயிலில் வைத்துவிட்டு எடுத்துப் படித்தேன். அருமையான கதை. ஒரு தீவு, ஒரே ஒரு படகு, யாரை ஏற்றுவது என்ற கணக்கு. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தினேன்.

தினம் காலையில் மேலே தையல் மெஷின் சத்தம் கேட்கும். கவலையை மறக்க ஓட்டினாளோ, நான் கேட்கட்டும் என்று ஓட்டினாளோ தெரியாது. அது கேட்டால் எல்லாம் சரி என்று நான் வேலையைப் பார்ப்பேன். ஆறாம் நாள் கேட்கவில்லை. படியேறிப் போய்ப் பார்த்தேன். கிரிலுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"இனிமே நீங்க திறந்தாலும் ஒண்ணுதான், திறக்காட்டியும் ஒண்ணுதான்" என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை. அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

நான் திறக்கவில்லை. செத்த உடம்பிலிருந்தும் பரவும் என்று நாலாவது புத்தகத்தில் இருக்கிறது. மறுநாள் ஊரடங்கைத் தளர்த்தினார்கள், சுகாதாரத்துறை ஆட்கள் வந்தார்கள், சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன். உடைக்கும் சிரமம்கூட வைக்கவில்லை.

பயந்துபோய்ச் செய்தான் என்று எழுதாதீர்கள். பயந்தவர்கள் பதினான்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினார்கள். நான் நின்றேன். புத்தகம் படித்துப் புத்தி கெட்டவன் என்றும் எழுதாதீர்கள். பதினொரு வருடம் அந்த வீட்டுக்காரர்களில் பாதிப் பேருக்கு என் முகம்கூடத் தெரியாது. அந்தக் கதைகளில்தான் வாசலில் நிற்கிறவனுக்கு மரியாதை இருந்தது.

நேற்று நீங்கள் அந்தப் பத்தாவது புத்தகத்தை மேஜைமேல் போட்டு, கடைசி அத்தியாயத்தில் இருந்த சீட்டை எடுத்துக் காட்டினீர்கள். ஆணிக் காயத்தால் வந்த காய்ச்சல், தொற்று இல்லை, தினமும் ஊசி, ஒரு நாளும் தவறக்கூடாது. ஆஸ்பத்திரி முத்திரை. இது உள்ளே இருந்தது உனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். இன்று சொல்கிறேன்.

தெரியும். வெயிலில் வைத்தபோதே தெரியும். ஒரு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, முத்திரையில் பாதி தெரிந்தது. நான்தான் விரலால் உள்ளே தள்ளினேன். படித்திருந்தால் திறக்கவேண்டி வந்திருக்கும். திறந்தபின் நான் யார்? மறுபடியும் மோட்டார் போடுகிறவன்.

அந்தக் கடைசி அத்தியாயத்தையும் இன்று காலை நீங்கள் படிக்க வைத்தீர்கள். நான் சொன்னது சரியாகப் போயிற்று. எல்லோரும் பிழைக்கிறார்கள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று?

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். கீழே ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவில் எல்லாக் கட்டடத்திலும் தொற்று நுழைந்தது. என் கட்டடத்தில் ஒருவருக்குக்கூட வரவில்லை. நாலாவது மாடியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.