சாய்ந்த தூக்கம்

தர்மபுரியில் பஸ் ஏறியதிலிருந்து என் முன்சீட்டில் இருந்த கணவனும் மனைவியும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டிலேயே ஏதோ சண்டை போலிருக்கிறது. நடுவில் ஒரு பையை வைத்துவிட்டு அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் வண்டி இறங்க, நிழலும் வெயிலும் மாறி மாறி முகத்தில் விழுந்து எனக்கும் கண் சொருகியது. அப்போதுதான் அந்தம்மா திடுக்கிட்டு விழித்துக் கேட்டார்.

“நான் உங்க தோள்ல சாஞ்சுக்கிட்டா தூங்குனேன்?”

“இல்லியே.”

“நெசத்தச் சொல்லுங்க. வூட்டுல ஒளு செஞ்சுட்டு வந்தேன், எறங்குனதும் அஸர் தொழணும். நிமுந்து உக்காந்து கண்ணசந்தா பரவால்ல. சாஞ்சு தூங்கியிருந்தா ஒளு முறிஞ்சிரும், மறுபடி மொகம் கைகால் கழுவணும்.”

கணவர் கொஞ்சம் யோசித்தார்.

“சாஞ்சுதான் தூங்குன.”

“எப்பலேருந்து?”

“பென்னாகரத்துலேருந்து.”

“எழுப்பியிருக்கக் கூடாதுங்களா?”

“எழுப்புனா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்குவியே.”

பை இப்போது கணவர் மடியில் இருந்தது. அந்தம்மா அதைப் பார்த்தார். வெளியே மூங்கில்கள் பின்னால் மிதந்து போயின.

“ஒகேனக்கல் வர இன்னும் நேரமாவுங்களா?”

“ஆவும்.”

“ஆத்துல கழுவிக்கலாம். அதான் முறிஞ்சு போச்சே” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அதே தோளில் சாய்ந்துகொண்டார்.