அனுப்பியாயிற்று

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் மணிவேலாகிய எனக்கு இந்தச் சாவுகளில் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். கம்ப்யூட்டரிலிருந்து செல்போன்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் தொகுப்பு ஒன்று எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டேன். லைப்ரரி என்போம். காசு கிடையாது. எடுத்தவர்கள் சும்மா இருந்தார்களா? அது ஓடவில்லை, இது ஓடவில்லை, உனக்கெல்லாம் எதற்கு இந்த வேலை என்று எங்கெங்கிருந்தோ மின்னஞ்சலில் கடிதம். தம்பி கல்யாணப் பந்தியில்கூட அவர்களுக்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். வெறுத்துவிட்டது.

லைப்ரரிக்கு ஓய்வு கொடுப்பதென்று முடிவெடுத்து, முறைப்படி முன்கூட்டியே அறிவித்தேன். அதைப் பார்த்துத் திருமானூர் அறிவரசன் போன் செய்தான். கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்தால், ஆற்றுக்குள் கிடை போட்டிருக்கும் ஆட்டுக்காரர்களுக்கு என் லைப்ரரியை வைத்துத்தான் அவன் செய்தி அனுப்புவான்.

“அண்ணே, மழை முடியட்டும்ண்ணே. அதுவரைக்கும் கை வச்சிடாதீங்க.”

“பாத்துக்கலாம்டா” என்றேன்.

வழக்கமாக, ஓய்வு கொடுத்த லைப்ரரி இனி வேலை செய்யாது என்று பிழை காட்டும். பிழை காட்டினால் மறுபடி கடிதம் வரும். அதனால் கடைசிப் பதிப்பில், எதையும் அனுப்பாமலே ‘அனுப்பியாயிற்று’ என்று மட்டும் சொல்லும்படி மாற்றிவிட்டேன். அறிவரசனின் கம்ப்யூட்டர் புதுப் பதிப்பைத் தானாகவே இறக்கிக்கொள்ளும். அப்படி அமைத்துக் கொடுத்தவனும் நான்தான். கடிதங்கள் நின்றன. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஐப்பசியில் ஒரு மதியம் அவன் மறுபடி கூப்பிட்டான்.

“தண்ணி தொறந்துட்டாங்கண்ணே. இப்ப ஆத்துக்குள்ள இருக்கறது வீரமுத்து அண்ணனும் முத்தாயி அக்காவும்தான். ரெண்டு பேருக்கும் செய்தி போயிடுச்சுன்னு காட்டுது. பொழுது சாயறதுக்குள்ள கரையேறிடுவாங்க. நீங்க நல்லா இருக்கணும்ண்ணே. ரொம்ப நன்றிண்ணே.”

தண்ணீர் திருமானூர் வந்து சேர இன்னும் நேரம் இருந்தது. செய்தி எதுவும் போகவில்லை, வீரமுத்துவும் அவன் பெண்டாட்டி முத்தாயியும் ஆடுகளோடு மணலில்தான் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அறிவரசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பான். சொல்லவில்லை. “சரிடா” என்று போனை வைத்தேன். மறுநாள் இரண்டு பேரையும் நாணல் புதரிலிருந்து எடுத்தார்கள்.

கொன்றது நான்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், சார். நான் மறைக்கவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் அந்த லைப்ரரிக்காக ஒருவன் எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் போய் அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு சார் மனசு வரும்?