வருகைப் பதிவில் செல்வி

1991-இல் ஒரு காலை. வல்லக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவளின் மடியில் ஒரு மனுவும் மைப்பெட்டியும் இருந்தன.

“ஒண்ணாங்கிளாஸுக்கு ஆம்பள வாத்தியார் வாணாம், டீச்சரம்மா போடுங்கன்னு எழுதியிருக்கு. நீதான் பாக்கி, லட்சுமி. கைநாட்டு வை.”

“ஏங்க்கா, இன்னா கொறை அவர்கிட்ட?”

“ஆம்பளைக்குப் புள்ளைங்க மூக்கு தொடைக்கத் தெரியுமா?”

“உன் வூட்டுக்காரரவிட நல்லாவே தொடைக்கிறாரு.”

“சரி, ஏரியில முழுகிப்போன உன் பொண்ணு செல்வி பேர இன்னும் தெனம் அட்டெண்டன்ஸ்ல கூப்புடறாரே. எம்புள்ள பயந்துகினு பள்ளிக்கூடமே போவ மாட்டேங்கிறான்.”

லட்சுமி மூத்தவள் பக்கம் சாய்ந்தாள்.

“நேத்து ஜன்னலாண்ட நின்னு கேட்டேங்க்கா. செல்வின்னாரு. ‘உள்ளேன் ஐயா’ன்னு சத்தம் வந்துது.”

“எந்தப் புள்ள சொல்லிச்சு?”

“எல்லாப் புள்ளைங்களும் வாய மூடிகினு அவரையே பாத்துகினு இருந்துதுங்க.”

மூத்தவள் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

“அதுக்குத்தாண்டி சொல்றேன். வை.”

லட்சுமி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“டீச்சரம்மா வந்தா புது ரிஜிஸ்தர் போடுவாங்க. அப்புறம் எம்பொண்ண யாருக்கா கூப்புடுவா?”